சின்னவள் வீட்டுக் கீரை

பெரியவள் சுண்ணாம்பு எறிய ஆரம்பித்தால் மழைக்காலம் முடிந்துவிட்டது என்று அந்தத் தெருவுக்கே தெரியும். மண்ணில் ஈரம் வற்றியதும் ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூளை வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில் தன் பாதி முழுக்கப் பரப்புவாள். நத்தை வராதாம். அதோடு நிறுத்தினால் அவள் பெரியவள் இல்லையே. வாளியில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு நடுச்சுவர் பக்கம் வருவாள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வாள். கை வலிக்கும் வரை அள்ளி அள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசுவாள். அந்தப் பக்கம் அவளுடைய ஓரகத்தியின் கீரைப் பாத்தி இருந்தது.

"காத்து அடிச்சுட்டுப் போகுது, நான் என்ன பண்ண?" என்பாள், ஓர் இலைகூட அசையாத நாளில்.

ஓரகத்தியின் பெயர் சின்னவள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த இந்த இருவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் இருக்கத்தான் செய்தது. மாமியார் கூப்பிட்டதுதான் நிலைத்துவிட்டது. பிறகு மாமியார் போய்ச் சேர்ந்தார், மாமனாரும் போனார், வீடு நடுவில் சுவர் வைத்து இரண்டானது, தோட்டமும் இரண்டானது. சண்டை ஒன்றுதான் பாகம் பிரிக்கப்படாமல் பொதுவில் கிடந்தது, இரண்டு பேரும் அதை நன்றாகப் பராமரித்தார்கள்.

தோட்டம் என்று இப்போது சொல்கிற இடம் ஒரு காலத்தில் மாமனாரின் முலாம் பட்டறை. போல்ட்டும் நட்டும் துருப்பிடிக்காமல் இருக்க அவற்றின் மேல் காட்மியம் என்ற உலோகத்தை ஏற்றித் தருவார். தொட்டியில் முக்கியெடுத்த சாமானை அலசிய தண்ணீர் எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை. கொட்டிய இடத்திலேயே போனது. அவர் காலத்துக்குப் பிறகு பட்டறையை இடித்துப் பங்கு பிரித்தபோது, தொட்டி நின்ற பக்கம் அண்ணனுக்கும், அவர் உட்கார்ந்து ஆளை அதட்டும் அறை இருந்த பக்கம் தம்பிக்கும் வந்தது.

அது ஒன்றும் தானாக வந்துவிடவில்லை. சின்னவள் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். மண்ணையும் செடியையும் காயவைத்து, அரைத்து, அமிலத்தில் கரைத்து, உலோகத்தை அளக்கும் கருவிக்குக் கொடுப்பது அவள் வேலை. தொட்டி நின்ற இடத்து மண் என்ன லட்சணத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? புருஷன் காதில் ஓதி நல்ல பக்கத்தை வாங்க வைத்தாள். பெரியவளுக்கு அதற்கான காரணம் தெரியாது, ஆனால் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அவளுக்கு அது போதும்.

சின்னவள் ஒரே ஒரு முறை உண்மையைச் சொல்லவும் செய்தாள். சொன்ன விதம்தான் அப்படி. குழாய்த் தண்ணீருக்காக இருவரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த ஒரு நாளில், "உங்க பக்கம் இருக்கறது மண்ணா அது? விஷம்! அதுல முளைச்சதைத் தின்னுட்டுத்தான் உங்க வாயில இப்படியெல்லாம் வருது!" என்றாள்.

எச்சரிக்கையைத் திட்டாகச் சொன்னால் யார் காதில் ஏறும்? பெரியவள் அதைத் திட்டாகவே வாங்கி, திட்டாகவே திருப்பிக் கொடுத்தாள்.

"விஷம் மண்ணுல இல்லடி. உன் கையில இருக்கு."

அந்த வாக்கியம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். தன் மகளிடம் தினம் சொன்னாள். "சித்தி கையால எதையும் வாங்கித் தின்னாத. அவ கையில விஷம்."

மகளைத் தெருவே வாலு என்று கூப்பிடும். காரணம் கேட்க வேண்டியதில்லை, ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். நடுச்சுவரில் ஒரு தகரக் கதவு உண்டு. தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடும் திருகு ஒரே பக்கம் மாட்டிக்கொண்டதால் வேறு வழியில்லாமல் வைத்த கதவு, இரண்டு பக்கமும் தாழ்ப்பாள். பெரியவள் தன் பக்கத்துத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டே இருப்பாள், வாலு திறந்துகொண்டே இருப்பாள். சின்னவள் தன் பக்கத்துத் தாழ்ப்பாளைப் போட்டதே இல்லை. பிள்ளை இல்லாத வீடு அது. டாக்டர்கள், மாத்திரைகள், காத்திருப்பு எல்லாம் முடிந்து, அதைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் பேசுவதையே விட்டுவிட்ட வீடு. அந்தக் கதவு கிரீச்சிட்டால் சின்னவளுக்கு ஒரு சந்தோஷம். பொய் சொல்வானேன், அந்தச் சந்தோஷத்தில் பாதி குழந்தை வந்ததற்கு, மீதிப் பாதி பெரியவளின் குழந்தை வந்ததற்கு.

சுண்ணாம்புக்கு வருவோம். அது விழுந்த வருஷமெல்லாம் சின்னவளின் கீரை வெளுத்துப் போகும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் ஒரு வருஷம் முடிவெடுத்தாள். ஆள் வைத்து நடுச்சுவரின் மேல் ஆளுயரத்துக்குத் தகரம் அடித்தாள். விழுந்திருந்த வெள்ளையை மேல்மண்ணோடு சுரண்டி அள்ளினாள். மண்ணுக்குள் இறங்கிவிட்ட சுண்ணாம்பையும் விடுவதாக இல்லை. கந்தகப் பொடி வாங்கி வந்து பாத்தியெங்கும் தூவிக் கொத்திவிட்டாள். கந்தகம் மண்ணை அமிலமாக்கிப் புளிக்க வைக்கும், சுண்ணாம்பை முறித்துவிடும். அது அவள் படித்த படிப்பு. போன வருஷமும் தூவினாள், இந்த வருஷமும் தூவினாள், அளவுக்குக் கொஞ்சம் கூடவே தூவினாள். ஓரகத்தியின் கைபட்ட எதுவும் தன் மண்ணில் மிஞ்சக்கூடாது என்ற வெறி அவளுக்கு.

கீரை கருகருவென்று வந்தது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். சின்னவள் அதைப் பறித்து, உப்பும் பூண்டும் போட்டு வேகவைத்து, ஒரு கிண்ணத்தில் வைத்துக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாலு வந்து இரண்டு கையையும் நீட்டிக் கிண்ணத்தை வாங்குவாள். வீட்டில் கீரை என்றாலே காத தூரம் ஓடுகிற பெண், இங்கே வழித்துத் தின்றாள்.

"எங்கம்மா பண்றது புல்லு மாதிரி இருக்கும் சித்தி."

"உங்கம்மாகிட்ட சொல்லேன்."

"சொன்னேன். அடிச்சாங்க."

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அந்த விஷ மண்ணில் முளைத்ததைத் தின்னாமல், குழந்தை இங்கேயாவது சுத்தமானதைத் தின்னட்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். தான் செய்வது புண்ணியம், அதோடு பெரியவளுக்கு வயிற்றெரிச்சல். ஒரே கிண்ணத்தில் இரண்டும் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

இப்படியே ஓடியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாலுவுக்கு வயிற்று வலி வந்தது. பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் ஐஸ்கிரீமை அள்ளி அள்ளித் தின்ற வலி அது, மறுநாளே போய்விட்டது. ஆனால் பெரியவளுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு, கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். திரைச்சீலை தைத்துக் கொடுக்கிற தொழில் அவளுக்கு. அவள் கோபத்தில் இருக்கிறாளா இல்லையா என்பதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து மிஷின் சத்தத்திலேயே சொல்லிவிடலாம். அன்று காலையிலிருந்தே மிஷின் பறந்துகொண்டிருந்தது.

"என் பொண்ணுக்கு என்னடி போட்ட கீரையில?"

"உப்பு போட்டேன். உங்க வீட்டுல அது இல்ல போலிருக்கு."

"பெத்திருந்தா தெரியும் உனக்கு."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சின்னவளின் காதில் ரத்தம் ஏறியது. அழுதால் அவள் ஜெயித்துவிடுவாள் என்பதால் அழவில்லை.

"சரி," என்றாள். "யாரு கீரையில விஷம்னு பாத்துடலாம். உங்களுதும் குடுங்க, என்னுதும் எடுக்கறேன். எங்க ஆபீஸ்ல மிஷின் இருக்கு. அது யாருக்கும் சொந்தக்காரன் இல்ல."

"நீ மாத்தி வச்சுடுவ."

"உங்க வீட்டுக்காரரையே பையில போட்டு ஒட்டச் சொல்லுங்க."

சத்தம் கேட்டு அண்ணனும் தம்பியும் வந்துவிட்டார்கள். பஸ் பணிமனையில் மெக்கானிக் அண்ணன், பார்சல் வேன் ஓட்டுகிறவன் தம்பி. வீட்டில் ஜென்மப் பகை போல முறைத்துக்கொண்டு, தெருக்கோடியில் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள். இருவரையும் சாட்சி வைத்துப் பந்தயம் பேசப்பட்டது. எந்தத் தோட்டத்தில் விஷம் என்று வருகிறதோ அந்தத் தோட்டத்தை வேரோடு பிடுங்க வேண்டும். கதவு விஷயத்தில் ஜெயித்தவள் சொன்னதுதான் சட்டம். பெரியவள் ஜெயித்தால் கதவுக்கு ஆணி. சின்னவள் ஜெயித்தால் வாலு எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஒரு வார்த்தை கேட்கக்கூடாது.

அண்ணன் இரண்டு பக்கத்துக் கீரையையும் மண்ணையும் தனித்தனிக் காகிதப் பையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். சின்னவள் மனதுக்குள் கதவை அப்போதே அகலத் திறந்து வைத்துவிட்டாள். தொட்டி நின்ற மண்ணில் வளர்ந்தது அவர்களுடையது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பரிசோதனைக் கூடத்தில் அவள் இலைகளை மும்முறை அலசினாள். மேலே ஒட்டிய தூசைக் காட்டி நாளைக்கு யாரும் சாக்குச் சொல்லக்கூடாது. உலர்த்தும் அடுப்பில் காயவைத்து, அரைத்து, எடைபோட்டு, குழாய்களில் அமிலம் ஊற்றி, புகையை உறிஞ்சும் கூண்டுக்குள் சூடேற வைத்தாள். பச்சை நிறம் போய் எல்லாக் குழாயும் ஒரே மாதிரி தெளிந்த தண்ணீர் ஆயிற்று. பார்த்தால் பெரியவள் வீட்டுத் தண்ணீர் எது, தன் வீட்டுத் தண்ணீர் எது என்று தெரியாது. குழாயின் மேல் அவள் எழுதிய எண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

கருவியில் உட்கார்ந்திருப்பவரைக் கூடத்தில் எல்லோரும் தசமம் என்பார்கள். மணி என்ன என்று கேட்டால்கூடப் புள்ளி வைத்துத்தான் சொல்வார். அவர் குழாய்களை ஒவ்வொன்றாக வைத்து எண்ணைப் படித்தார். சின்னவள் பின்னால் நின்றாள்.

"மண்ணுல, முதல் ஆளுதுதாம்மா மோசம். ரெண்டாவது ஆளுது அதுல பாதிகூட இல்ல," என்றார்.

முதல் ஆள் பெரியவள். சின்னவள் தலையாட்டினாள். நான் சொல்லவில்லையா?

"கீரைதான் வேடிக்கையா இருக்கு. முதல் ஆளு கீரை வரம்புக்குள்ளதான் நிக்குது, விளிம்புல. ரெண்டாவது ஆளு கீரை அதைப்போல அஞ்சு புள்ளி ரெண்டு மடங்கு. குழாயை மாத்திட்டீங்களா?"

"இருக்காது சார். மறுபடியும் வைங்க."

மறுபடி வைத்தார். எண் அசையவில்லை. அவள் மிச்சத் தூளை எடுத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தாள். அமிலம் மாற்றினாள், குழாய் மாற்றினாள். எண் மாறவில்லை. தசமம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு வீட்டுதும்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் மண் பைகளை இழுத்து வைத்துக்கொண்டாள்.

பிறகுதான் மண்ணின் புளிப்பை அளந்து பார்த்தாள். முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது. வேறு யாருடைய மண்ணாக இருந்தாலும் முதலில் அதைத்தான் பார்த்திருப்பாள். பெரியவளின் மண் சுண்ணாம்பில் ஊறிக் காரமாக இருந்தது. தன் மண் புளித்துப் போயிருந்தது.

அவ்வளவுதான், எல்லாம் விளங்கிவிட்டது. அவள் நின்ற இடத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்தாள். மண்ணில் சுண்ணாம்பு இருக்கும்வரை காட்மியம் மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடக்கும். மண் புளித்தால் பிடி விட்டுப்போகும், தண்ணீரோடு சேர்ந்து வேருக்குப் போகும். வேருக்குத் துத்தநாகம் வேண்டும், அதைக் கொண்டுவரும் வாசலிலேயே காட்மியமும் நுழைந்துவிடும். வேர் ஆள் பார்த்து உள்ளே விடுவதில்லை. கீரைக்கோ அதனால் ஒன்றும் ஆகாது. கருகாது, வாடாது, பச்சை குறையாது. இலையில் பத்திரமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, பறிக்கிற கைக்காகக் காத்திருக்கும்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? கெட்ட மண்ணோடு வருகிற எத்தனை பேருக்கு, சுண்ணாம்பு போடுங்கள், புளிக்க விடாதீர்கள் என்று அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். சொந்தத் தோட்டத்தில் மண்ணை எங்கே பார்த்தாள்? அதன் மேல் விழுந்த பெரியவளின் கையைத்தானே பார்த்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போட்டது வாலுவின் கிண்ணத்தில்.

ஒரு யோசனை வந்தது. வராது என்று யார் சொன்னார்கள்? குழாயில் எழுதிய எண்ணை மாற்றிவிட்டு, தசமம் கேட்டது போலக் குழாய் மாறிவிட்டது என்று சொன்னால் போதும். பெரியவளின் கீரை விஷம் என்று ஆகிவிடும், கதவு திறந்துவிடும். தன் கீரையை ஏதாவது பூச்சி என்று சொல்லிப் பிடுங்கிவிட்டு, கடையில் வாங்கிச் சமைத்துக் கொடுக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. பெரியவளின் மூக்கு உடையும், அவ்வளவுதான். அவள் பஞ்சில் அமிலத்தைத் தொட்டு ஓர் எண்ணை அழித்தும் விட்டாள்.

அழித்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணின் உடம்புக்குள் போனது போனதுதானே? இரண்டு வருஷமாகப் போனது. அது லேசில் வெளியேறாது, சிறுநீரகத்தில் தங்கும். பரிசோதிக்க வேண்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும். அதைப் பெரியவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? குழாயில் எண்ணை மாற்றலாம், குழந்தையிடம் எதை மாற்றுவது? அவள் பேனாவை எடுத்துப் பழைய எண்ணையே திரும்ப எழுதினாள். எழுதும்போது பெரியவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். தசமம் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு சின்னவளின் தோட்டத்தில் நால்வரும் கூடினார்கள். வாலுவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். திறந்த கதவு வழியே, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தலை தெரிந்தது. பெரியவள் முன்கூட்டியே சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்து கதவருகே வைத்திருந்தாள்.

சின்னவளுக்கு ஓரகத்தியை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அக்கா என்று கூப்பிட்டது. அதற்குப் பிறகு 'இந்தாங்க', 'உங்களத்தான்' என்றே காலம் ஓடியிருந்தது.

"உங்க கீரை பரவாயில்ல," என்றாள். "என்னுதுலதான் இருக்கு. அஞ்சு மடங்கு."

பெரியவள் கண்ணைச் சுருக்கினாள்.

"இதுல என்னடி சூது?"

"சூது ஒண்ணும் இல்ல."

"இருக்கு. நீயா தோத்தேன்னு வந்து நிக்கமாட்ட. என்னங்க, இவ ஏதோ திட்டம் போடறா." புருஷனின் கையைப் பிடித்து உலுக்கினாள். "மண்ணு எங்களுதுதான் மோசம்னு நீதான சொன்ன? விஷம்னு கத்தினியே?"

"மண்ணு உங்களுதுதான் மோசம். ஆனா நீங்க சுண்ணாம்பு போடறீங்க. சுண்ணாம்பு இருந்தா அது செடிக்குள்ள ஏறாது. நீங்க என் பக்கம் எறிஞ்சீங்களே, அதுதான் என் மண்ணையும் காப்பாத்திட்டு இருந்திருக்கு. நான் தகரம் அடிச்சேன். கந்தகம் போட்டேன். அதோட கெட்டுது."

பெரியவள் சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

"காப்பாத்தறதுக்கா எறிஞ்சேன்? உன் செடி கருகிச் சாகணும்னு எறிஞ்சேன். வருஷா வருஷம் அத நெனச்சுக்கிட்டுத்தான் எறிஞ்சேன். தெரிஞ்சிருந்தா ஒரு பிடிகூட எறிஞ்சிருக்க மாட்டேன்."

"தெரியும்," என்றாள் சின்னவள்.

"நீ நாசமாப் போகணும்னு நான் எறிஞ்சது உன்னைக் காப்பாத்திச்சாம். நீ..." என்று ஆரம்பித்த பெரியவள் அங்கேயே நின்றுவிட்டாள். சிரிப்பு அறுந்தது. பாத்தியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஒரே எட்டில் வந்து சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"எத்தனை நாளா குடுத்த?"

"ரெண்டு வருஷமா. வாரத்துல மூணு நாலு நாள்."

"என்ன ஆகும் என் பொண்ணுக்கு?"

"இப்ப ஒண்ணும் ஆகாமலே இருக்கலாம். ஆனா டெஸ்ட் எடுக்கணும். சிறுநீர்ல பாக்கணும், டாக்டர்கிட்ட காட்டணும். இனிமே சாப்பிடாம இருந்தா மேல ஏறாது. உங்களுதும் வேணாம். விளிம்புலதான் நிக்குது."

"எனக்கு நீ சொல்லாத! எனக்கு நீ சொல்லாதடி!" பெரியவளின் குரல் உடைந்தது. அவள் அறைவாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறையவில்லை. அண்ணன் சுவரில் சாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். தம்பி ஏதோ சமாதானமாகச் சொல்லப் போனான்.

"நீங்க சும்மா இருங்க தம்பி," என்று பெரியவள் அவன் வாயை அடைத்தாள். "அவ பிடுங்கட்டும். பந்தயம் அதுதான."

சின்னவள் பிடுங்கினாள். ஒவ்வொரு செடியையும் வேரோடு இழுத்து, மண்ணை உதறிச் சாக்கில் போட்டாள். உரக்குழியில் போடக்கூடாது, ஆட்டுக்குக் கொடுக்கக்கூடாது, கழிவாகக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். இலைகள் அவ்வளவு அழகாக இருந்தன. அவளுக்கு அவற்றைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. யாரும் உதவிக்கு வரவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

பாத்தி மொட்டையானதும் நிமிர்ந்தாள். திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் சுவரோரம் பெரியவளின் சுண்ணாம்பு மூட்டை, பாதி காலியாக, வாய் திறந்து கிடந்தது.

"எறியுங்க," என்றாள் சின்னவள். "இப்ப எறியுங்க. மண்ணுக்கு வேணும்."

"இப்ப எறிய மாட்டேன்," என்றாள் பெரியவள். மூட்டையின் வாயைச் சுருட்டிக் கட்டினாள். பிறகு வீட்டுக்குள் போய்ப் பூட்டைத் திறந்து, மகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து கதவுக்கு அருகில் நிறுத்தினாள்.

"நீயே சொல்லு இவகிட்ட. நான் சொன்னா நம்ப மாட்டா. நான் உன்னைப் பத்தி சொன்னது எதையும் இவ நம்பினதில்ல."

வாலு மொட்டைப் பாத்தியையும் சாக்குகளையும் பார்த்தாள். பழக்கத்தில் இரண்டு கையும் பாதி நீண்டே இருந்தன.

"எல்லாத்தையும் ஏன் சித்தி புடுங்கிட்ட? எனக்கு வைக்கலையா?"

சின்னவள் மண் கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். குழந்தைக்குச் சொல்வது போல எளிமையாகச் சொல்லலாம் என்று வரும்போது நினைத்திருந்தாள். எளிமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

"உங்க தாத்தா இங்க பட்டறை வச்சிருந்தார்ல, அந்தக் கழிவு மண்ணுல இருக்கு கண்ணு. கீரை அதை உறிஞ்சிக்கிச்சு. பாத்தா தெரியாது, கழுவினா போகாது. அதைத்தான் நான் உனக்குக் குடுத்துட்டு இருந்தேன். எனக்குத் தெரியல. நீ அம்மாகூட டாக்டர்கிட்ட போகணும்."

வாலு யோசித்தாள். அந்த முகத்தில் யோசனையை யாரும் பார்த்ததில்லை. அம்மாவைப் பார்த்தாள், பிறகு சித்தியின் கைகளைப் பார்த்தாள்.

"அப்போ அம்மா சொன்னது நிஜம்தானா? உன் கையில விஷம்னு?"

பெரியவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இத்தனை வருஷமும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளுக்கு இப்போது வாய் வரவில்லை. கழுத்து நாடாவின் நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"ஆமாம்," என்றாள் சின்னவள்.

வாலு நீட்டியிருந்த கைகளை மெல்ல இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பெரியவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஆணியும் சுத்தியலும் வைத்த இடத்திலேயே கிடந்தன, எடுக்கவில்லை. அவள் பக்கத்துத் தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து, சின்னவள் போய், துருவேறி அசைய மறுத்த தன் பக்கத்துத் தாழ்ப்பாளைக் கல்லால் தட்டித் தட்டிப் போட்டாள்.